நூற்றது நான் அல்ல

நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கதர்தான் உடுத்துகிறேன். "தன் கையால் நூற்ற நூலில் நெய்த துணியைத் தவிர வேறெதையும் தொடாதவர்" என்று என்னை மேடையில் அறிமுகம் செய்திருக்கிறார்கள், நோட்டீஸில் அச்சடித்திருக்கிறார்கள், ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரிலும் போட்டிருக்கிறார்கள். இதில் கதர் உடுத்துவது மட்டும்தான் உண்மை. ஒரு கைக்குட்டைக்கு ஆகிற அளவு நூல்கூட என் கையிலிருந்து வந்தது கிடையாது. நூற்றவள் என் மனைவி. யாரோ தப்பாகச் சொன்னதை நான் திருத்தாமல் விட்டேன் என்றால் அது சபலம், வயதானால் மன்னித்துவிடுவார்கள். நான் அதற்கு மேலே போனேன். அந்தப் பொய்க்கு ஏற்பாடுகள் செய்தேன், பெற்ற பிள்ளையையும் அதற்குச் சாட்சி ஆக்கினேன். இப்போது எழுபது தாண்டிவிட்டது. இனி வருகிற சால்வைகளைப் போட்டுவைக்க வீட்டில் இடமும் இல்லை, எனக்கு முகமும் இல்லை.

எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம். முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, வி.கே.புரம் என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும். தாமிரபரணி மலையை விட்டுக் கீழே இறங்கும் பாபநாசம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே விழுகிற தண்ணீரின் வேகத்தை நம்பித்தான் 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூல் மில்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். மதுரை மில் அதற்குப் பிறகு, 1892இல் வந்தது. என் அப்பாவுக்கு அந்த மில்லில்தான் வேலை, ஸ்பின்னிங்கில். சங்கு ஊதினால் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள், அடுத்த சங்குக்கு இறக்குவார்கள். அப்பா வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு அப்பியிருக்கும். ஆக, நூல் என்பது எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சோறு. அந்த வீட்டுப் பையன் ராட்டை பிடிக்கத் தெரியாமல் போனான் என்பதைப் பரம்பரைக் குறை என்று சொல்ல வழியில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தக்ளி உண்டு. வாரத்தில் ஒருநாள் கைத்தொழில் பீரியடில் ஆளுக்கு ஒரு பித்தளை வட்டு, நடுவில் ஒரு கம்பி, கையில் ஒரு பஞ்சுப் பட்டை. கம்பியைச் சுண்டிவிட்டால் வட்டு சுழலும், மேலே பிடித்திருக்கும் பஞ்சு இழையாக இறங்கும். மற்ற பையன்களுக்கு இறங்கியது, எனக்கு வட்டுதான் இறங்கியது, அதுவும் காலில். அப்புறம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். அங்கே நூற்பு ஒரு பாடம். பருவ முடிவில் இத்தனை சிட்டம், அதாவது நூல் சுருள், காட்ட வேண்டும் என்று கணக்கு. என் அறைத் தோழனுக்குக் கை ஓடும், கட்டுரை ஓடாது. எனக்கு நேர் எதிர். அவனுடைய கல்வி உளவியல் கட்டுரைகளை நான் எழுதினேன், என்னுடைய சிட்டங்களை அவன் நூற்றான். இரண்டு பேரும் முதல் வகுப்பில் தேறினோம். பயிற்சி முடியும்போது ஒரு பெட்டி ராட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். என்னுடைய காந்தியம் இப்படித்தான் தொடங்கியது.

எனக்கு ஏன் வரவில்லை என்பதைச் சொன்னால்தான் நான் பிற்பாடு செய்த தந்திரமும் விளங்கும். ராட்டையில் வலது கை சக்கரத்தைச் சுற்றும். பார்க்கிறவர் கண் அங்கேதான் நிற்கும். ஆனால் அந்த வேலையைச் சின்னப் பிள்ளையும் செய்யும். நூற்பது இடது கை. பட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கதிர் முனையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே போக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் இழை அறும், விட்டுப் பிடித்தால் திரடு விழும். எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். கை நீளம் இழுத்தபின் சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் திருப்பி, நூலைக் கதிரில் சுற்றவிட்டு, மறுபடி இழுக்க வேண்டும். இதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. யோசித்தால் அறுந்துவிடும். நான் யோசிக்கிற ஆள். அதைவிட, பொறுமை இல்லாத ஆள். மூன்றாவது தடவை அறுந்ததும் எனக்குக் கோபம் வரும், கோபம் விரலுக்கு வரும், பிறகு அன்றைக்கு நூல் கிடையாது.

என் மனைவி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. அந்த ஊரெல்லாம் அப்போது எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, 1986இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. கருங்கண்ணிப் பருத்தி விளைகிற பூமி. வெளிநாட்டு வர்த்தகத்தில் அந்தப் பருத்திக்குத் திருநெல்வேலிப் பருத்தி என்றே பெயர் இருந்தது. அவளுடைய அம்மா இளம் வயதிலேயே தாலி இழந்தவர். நான்கு பிள்ளைகளையும் ராட்டையை வைத்துத்தான் கரையேற்றினார். இது ஒன்றும் புதுக் கதை இல்லை. சங்கப் பாட்டுகளிலேயே நூல் நூற்பவர்கள் பெண்கள்தான், அதிலும் துணைக்கு ஆள் இல்லாத பெண்கள். விளக்கு வெளிச்சத்தில் பஞ்சைப் புடைத்துச் சுத்தம் செய்கிற பெண்ணைப் புறநானூற்றில் பார்க்கலாம். நான் அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது எனக்கு மாமியார் முகம் ஞாபகம் வந்ததே இல்லை. வந்திருக்க வேண்டும்.

மாமியார் முதலில் கைராட்டையும் பிறகு அம்பர் சர்க்காவும் ஓட்டியவர். அம்பர் பிறந்ததும் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் கையில்தான். 1929இல் அகில பாரத சர்க்கா சங்கம் ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் குறிப்பிட்ட அளவு நூல் நூற்க வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, வீட்டில் வைத்து ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. பரிசை யாரும் வாங்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1949 வாக்கில், ஏகாம்பரநாதன் என்கிற நம் சீமைக்காரர் உருவாக்கிய ராட்டைக்கு அவர் பெயரை ஒட்டியே அம்பர் என்று பெயர் வைத்தார்கள். 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஊர் ஊராக அதைக் கொடுக்கத் திட்டம் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மறுவீடு போனபோது மாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பா அதைப் பார்த்தார். குனிந்து, ரோலரைத் தொட்டு, வளையத்தையும் அதில் ஓடுகிற கண்ணியையும் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க ரிங் பிரேம்லா. கையால சுத்துதிய, அம்புட்டுத்தான்." அதற்குப் பிறகு அவரும் சம்பந்தி அம்மாவும் ஒரு மணி நேரம் பேசினார்கள். இரண்டு தொழிலாளிகள் பேசுகிற பேச்சு. நான் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன்.

புகுந்த வீட்டுக்கு வந்தவளுக்கு என் பெட்டி ராட்டை கிடைத்தது. பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்ததைப் பார்த்து, "ஒரு இழைகூட ஓடல போலயே" என்றாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில், ராத்திரி பாத்திரம் கழுவி வைத்தபின் என்று கிடைத்த நேரத்தில் நூற்றாள். வெயில் காலத்தில் மேற்கே மலைக்காற்று வறட்சியாக அடிக்கும்போது இழை அதிகமாக அறும் என்று, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்காருவாள். மில்லுக்குள்ளேயும் ஈரப்பதம் வைத்திருப்பார்கள் என்று அப்பா சொன்னதைக் கேட்டு அவள் கண்டுபிடித்த வழி. அறுந்த துண்டு நூல் எதுவும் வீணாகாது. நாலைந்தைச் சேர்த்து முறுக்கினால் விளக்குத் திரி, இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் பூக்கட்ட. மிஞ்சின நல்ல நூலில் குரோஷா ஊசியால் டிரான்சிஸ்டருக்கு உறை, தலையணைக்கு ஓரம், கடைக்குட்டிக்குக் குல்லா. வி.கே.புரம் வெயிலில் குல்லா எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். கேட்கிற வேலையை எப்போதும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் ஒரு விளையாட்டு வந்தது. அவள் நூற்ற நூலை அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலில் உருட்டி நம்பர் சொல்வார். மில் கணக்கில் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர், நம்பர் கூடக்கூட நூல் நைசு. அவள் ஆயிரம் மீட்டர் சிட்டத்தைத் தபால் தராசில் போடுவாள். முப்பது கிராம் காட்டினால் ஏறக்குறைய இருபதாம் நம்பர். அப்பா ஒன்று இரண்டு முன்பின் சொல்வார், பெரிதாகத் தப்ப மாட்டார். ஒரு தடவை என் கையில் நூலைக் கொடுத்து, "நீ சொல்லு, வாத்தியாரே" என்றார். நான் நாற்பது என்றேன். பதினாறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மருமகளைப் பார்த்தார். நான் நூற்கிறவன் இல்லை என்று ஊரில் முதலில் தெரிந்தவர் அவர்தான். சாகிறவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

பொய் எங்கே தொடங்கியது என்றால் ஒரு நோட்டில். கதர்க் கடையில் நூலைக் கொடுத்துவிட்டு, நெசவுக் கூலியைக் கட்டி, துணியாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அப்போது உண்டு. டவுனுக்குப் போகிறவன் நான் என்பதால் சிட்டக் கட்டுகளை நான்தான் பையில் கொண்டுபோவேன். அந்தக் கடை நோட்டில் "நூற்றவர் பெயர்" என்று ஒரு கட்டம். எழுதுகிறவர் என் முகத்தைப் பார்த்தார், நான் என் பெயரைச் சொன்னேன். ரேஷன் கார்டிலும் கரண்ட் பில்லிலும் என் பெயர்தானே இருக்கிறது என்பது அன்றைக்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அடுத்த தடவை அவர், "சார், வேலைக்கும் போயிட்டு இம்புட்டும் எப்படி நூக்குதிய?" என்றார். "காலைல நாலு மணிக்கு எழுந்திரிச்சிருவேன்" என்றேன். ஒரு கேள்விக்கு ஒரு பொய் என்கிற விகிதத்தில் வளர்ந்தது. அந்த வருஷம் அக்டோபர் 2, காந்தி ஜெயந்திக் கூட்ட நோட்டீஸில் பெயர் வந்துவிட்டது.

கூட்டத்தில் நூற்றுக் காட்ட வேண்டும் அல்லவா? முதல் நாள் ராத்திரியே மனைவி கதிரில் பாதி நூல் சுற்றி, முழ நீளத்துக்கு நல்ல இழை ஒன்றை முன்னால் விட்டு, பட்டையையும் அதில் பிடிப்பித்து வைத்துவிடுவாள். நான் கேட்டதால்தான் செய்தாள். மேடையில் பெட்டியைத் திறந்து சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், போட்டோ எடுக்கிறவரைக்கும் அறாது. அப்புறம் எல்லாரும் அரை மணி நேரம் மௌனமாக நூற்கும் வேள்வி. அங்கேதான் ஆபத்து. பின்வரிசையில் தூண் மறைவாக உட்காருவேன். சக்கரக் கயிறு நழுவிவிட்டது மாதிரிப் பாவனை செய்து கழற்றி மாட்டுவேன். எண்ணெய் விடுவேன். கதிரைத் துடைப்பேன். அரை மணி நேரம் ஒரு ராட்டையைப் பராமரிப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் புத்தகமே எழுதலாம். ஒருமுறை தப்பிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசான அம்மா ஒருத்தி என் அறுந்த இழையைக் கேட்காமலே எடுத்து, எச்சில் தொட்டு, பட்டையோடு சேர்த்து ஒரு சுழற்று சுழற்றினாள். ஒட்டிக்கொண்டது. பிறகு என் இடது கையைப் பிடித்துத் திருப்பி விரல் நுனியைப் பார்த்தாள். அங்கே என்ன இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இல்லை என்பதையும் பார்த்துவிட்டாள். "படிச்ச கை" என்றாள். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சால்வை போட்டார்கள், அந்த அம்மாவுக்கு ஒரு பொட்டலம் மிக்சர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரொம்பத் தாமதமாக. அங்குலத்துக்கு நெடுக்கே நாற்பது இழை, குறுக்கே நாற்பது இழை என்று வைத்தால், ஒரு சதுர மீட்டர் துணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நூல் இறங்குகிறது. எனக்கு ஒரு ஜிப்பா தைக்க இரண்டு சதுர மீட்டராவது வேண்டும், ஆறு கிலோமீட்டர். பெட்டி ராட்டையில் நல்ல கைக்கு மணிக்கு முந்நூறு மீட்டர் வந்தால் பெரிய விஷயம். ஆக ஒரு ஜிப்பாவுக்கு இருபது மணி நேரம், பஞ்சைச் சுத்தம் பண்ணுவதும் சிட்டம் போடுவதும் இந்தக் கணக்கில் சேராது. அந்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு நான் "உழைப்பின் மேன்மை" என்று முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். ஒரு பேச்சில் இதே கணக்கைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். இருபது மணி நேரம் யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

என்னைப் போன்றவர்கள் காந்தி காலத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். கொஞ்சம் ஆறுதல் தேடித்தான் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1924 டிசம்பரில் காந்தி தலைமை ஏற்ற பெல்காம் காங்கிரஸில், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியிலேயே ஒரு சந்து. உடம்பு சரியில்லை என்றாலோ, நூற்க மனம் இல்லை என்றாலோ, வேறொருவர் நூற்ற நூலைக் கொடுத்தால் போதும். மனம் இல்லாதவர்களுக்கு யார் நூற்றுக் கொடுத்திருப்பார்கள்? வீட்டில் மனைவி, அம்மா, இல்லாவிட்டால் தெருவில் கூலிக்கு நூற்கும் ஒரு விதவை. அடுத்த ஆண்டே, நூல் கொடுக்க முடியாதவர் நாலணா கட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நாலணா நேர்மையான ஏற்பாடு. குறைந்தபட்சம் அது யாருடைய கையையும் தன் கை என்று சொல்லாது.

ஆறுதல் அதோடு முடிந்தது. ஏனென்றால் அதே படிப்பில் கங்காபென் மஜ்முந்தாரைப் பற்றியும் மறுபடி படிக்க நேர்ந்தது. ராட்டையைப் பற்றி எழுதிய காலத்தில் தான் ராட்டையைக் கண்ணால் பார்த்ததாகவே நினைவில்லை என்று காந்தி தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ராட்டை எங்கே கிடைக்கும், யார் நூற்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று தேடி அலைந்தவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது கங்காபென் என்கிற விதவைப் பெண். பரோடா சமஸ்தானத்தில் விஜாப்பூரில், பரணில் தூக்கிப் போட்டிருந்த ராட்டைகளை அவர்தான் கண்டார். பஞ்சுப் பட்டை கொடுத்து, நூலையும் வாங்கிக்கொண்டால் நூற்கத் தயார் என்று அங்குள்ளவர்களைச் சொல்லவும் வைத்தார். இதையெல்லாம் காந்தியே எழுதியிருக்கிறார், பெயரைச் சொல்லி, முழுசாக. அவருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த அத்தியாயத்தை நான் மாணவர்களுக்கு எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். கங்காபென்னை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டு, காந்தி எப்படி நூற்றார் என்பதற்குத் தாவிவிடுவேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தாள், நான் வேலை பார்த்த பள்ளியிலேயே. "என் குடும்பம்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியிருந்தாள்: எங்கள் அம்மா தினமும் ராட்டை நூற்பார். எங்கள் அப்பா அக்டோபர் 2ஆம் தேதி நூற்பார். அவ்வளவுதான், அடுத்த வரியில் ஆட்டுக்குட்டிக்குப் போய்விட்டாள். வகுப்பாசிரியை எனக்கு நோட்டைக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் காட்டினார், குறும்பாகக்கூட இல்லை. எனக்கு உச்சந்தலை சுட்டது. அன்று சாயங்காலம் பிள்ளையை உட்கார வைத்து அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன். புதிதாக எழுத வைத்தேன். எங்கள் அப்பா தினமும் அதிகாலையில் எழுந்து ராட்டை நூற்பார். அம்மா அவருக்கு உதவி செய்வார்.

"அம்மா என்ன உதவிப்பா செய்வா?" என்று கேட்டாள்.

"பஞ்சு எடுத்துக் குடுப்பா. எழுது."

"நாலு மணிக்கு நீங்க தூங்குவீங்கள்லா?"

"எழுதுன்னா எழுது."

மனைவி அடுக்களையில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். "ஏட்டி, அப்பா சொல்லுத மாதிரி எழுதிட்டு வா, தோசை ஆறுது" என்றாள். நான் அதை அவளுடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டுரையைப் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தார்கள். ஆண்டு மலரில் போட்டார்கள். தொடக்கத்தில் சொன்னேனே, அந்த ஆண்டு மலர்தான். பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சம்பளம் வாங்கியவன், சொந்தப் பிள்ளை எழுதிய உண்மையைக் கிழிக்க வைத்திருக்கிறேன். மேடையில் செய்தது ஊருக்குச் செய்த ஏமாற்று. இது வேறு. தாயின் வேலை வேலையே இல்லை, உதவிதான் என்று ஒரு பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தது.

மகள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ராட்டை பிடிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. போன பொங்கலுக்கு வந்தபோது பரணைச் சுத்தம் செய்கையில் அந்த மலர் கிடைத்தது. பேத்தி அதை எடுத்துக்கொண்டு, "அம்மா, நீ எழுதினதா?" என்றாள். மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பேரு என்னோடது. எழுதினது தாத்தா." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்க்கிறவர் சொல்வது மாதிரிச் சொன்னாள். நூற்றவர் ஒருவர், பெயர் ஒருவர் என்கிற ஏற்பாட்டை என்னிடமிருந்து அவள் நன்றாகத்தான் படித்திருக்கிறாள்.

சில ஆண்டுக்கு முன்னால், 2021 டிசம்பரில், தேசியக் கொடி விதியைத் திருத்தினார்கள். அதுவரை கையால் நூற்று நெய்த துணியில்தான் கொடி என்று இருந்தது, இனி மெஷினில் செய்த பாலியெஸ்டரும் ஆகும் என்றார்கள். நான் பொங்கி எழுந்தேன். கூட்டம் போட்டுப் பேசினேன். நூற்பவர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று மேஜையைத் தட்டினேன். பேச்சில் சொன்னது எதுவும் தப்பில்லை, இன்றைக்கும் அந்தக் கருத்துதான். வீட்டுக்கு வந்து, எப்படிப் பேசினேன் என்று அவளிடம் கேட்டேன். பழக்கம்.

"நல்லாப் பேசினிய" என்றாள். "நூக்குதவ யாரும் வந்திருந்தாவளா?"

ஒருத்தரும் வரவில்லை. அழைப்பு கொடுத்தோமா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுக்கவில்லை. நூற்பவர்களுக்காக ஐந்து பேர் பேசினோம், ஐந்து பேரும் ஆண்கள், ஐந்து பேருக்கும் இஸ்திரி போட்ட ஜிப்பா.

இதை எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். பெரிய காட்சி எதையோ எதிர்பார்த்திருந்தேன் போல. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இம்புட்டு வருஷம் பேசினது போதாதுன்னு இப்பம் இதையும் எழுதுதியளா?" என்றாள். அதிலும் எனக்குத்தான் பெயர் வரும் என்று அவள் சொல்ல வந்தது எனக்குப் புரியாமல் இல்லை. தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனுஷன் என்று இதற்கும் யாராவது சால்வை எடுத்துக்கொண்டு வரலாம். அவள் பெயரை இதில் போடட்டுமா என்று கேட்டேன். "போடாண்டாம்" என்றாள். ஏன் என்றதற்கு, காந்திக்காகவோ நாட்டுக்காகவோ தான் நூற்கவில்லை என்றும், அம்மா கற்றுக்கொடுத்த வேலை கையில் இருந்தது, நேரம் இருந்தது, துணி வேண்டியிருந்தது, அதனால் நூற்றதாகவும் சொன்னாள். "உங்க கதையில என்னைக் கொண்டு நிறுத்தாதிய." ஆகவே அவள் பெயர் இங்கே இல்லை. என் பெயரும் இருக்கக் கூடாது என்பது நான் எடுத்த முடிவு.

அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போதும் நூற்கிறாள், குறைவாக. நான் இரண்டு முறை கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வரவில்லை. சிட்டம் சுற்றிக் கொடுக்கிறேன், எண்ணிக்கை தப்பாமல். அது உதவிதான்.

நூற்பைத் தொழிலாகச் செய்கிறவர்களின் கூலியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிட்டத்துக்கு ஏழரை ரூபாயாக இருந்ததைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2023 ஏப்ரலில் பத்து ரூபாய் ஆக்கியது. பிறகு பன்னிரண்டரை. 2025 ஏப்ரல் முதல் பதினைந்து. எட்டுக் கதிர் ராட்டையில் நாள் முழுக்க உட்கார்ந்து இருபது சிட்டம் போட்டாலும் முந்நூறு ரூபாய். நான் ஒரு கூட்டத்துக்குப் போய்வர வாங்கிய கார் வாடகை அதைவிட அதிகம்.

அக்டோபர் 2க்கு ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னைக் கூப்பிடாதீர்கள். உங்கள் தாலுகாவில் நூற்பவர்கள் யார் என்று விசாரியுங்கள், அநேகமாக அறுபது தாண்டிய பெண்களாக இருப்பார்கள். அவர்கள் பெயரை நோட்டீஸில் போடுவதற்கு முன் போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். வந்தால் பஸ் காசும் அன்றைய கூலியும் கையில் கொடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மிக்சர் பொட்டலத்தோடு அனுப்பவும் வேண்டாம்.